தலைப்பேன் ஒழிப்போம்! தனிப்பாய் ஒழிப்போம்!

(வெள்ளி விழாவின் மாதர் மற்றும் இளைஞர் அரங்கில், கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பெற்ற உரை)

    

இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் ஒரு கல்விக் கழகத்தின் விழாவில் பேசுவதற்குப் பெரிய பொருள்கள் பல உண்டு. நேற்றைய அரங்குகளில் உயர்கல்வி பற்றியும், இட ஒதுக்கீடு பற்றியும், போட்டித் தேர்வுகள் பற்றியும் அறிஞர்கள் விரிவாக உரையாற்றினார்கள். எங்களுக்கு வாய்த்த பொருளோ பிள்ளைகளின் தலையில் ஊரும் பேன். அறிவிப்புப் பலகையில் இத்தலைப்பைக் கண்ட இளைஞர்கள் சிலர் சிரித்துக் கொண்டே சென்றதை நாங்கள் பார்த்தோம். அவர்களைக் குறை கூற மாட்டோம். நாங்களும் ஒரு காலத்தில் சிரித்தவர்களே. அந்தச் சிரிப்பு எங்களிடம் எவ்வாறு நின்று போயிற்று என்பதை முதலில் கூறிவிட்டு, பின்னர்ப் பேனை ஒழிக்கும் வழிக்கு வருகின்றோம்.

நாங்கள் விரித்த பாய்

சில ஆண்டுகளுக்கு முன்பு, நமது மாலை நேர வகுப்பிற்கு ஒரு சிறுமி தவறாமல் வந்து கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு மாணவி. கணக்கில் நல்ல சூடிகை. பகலில் அவள் படித்த பள்ளியில், அவள் தலையைச் சொறிவதைக் கண்ட ஆசிரியர் ஒருவர் நம் தெருவிலிருந்து சென்ற நான்கு சிறுமியரையும் எழுப்பி வகுப்பின் கடைசியில் தரையில் அமர வைத்தார். “உங்கள் தெருப் பிள்ளைகளுக்கு எல்லாம் இதே கதைதான்” என்றும் சொன்னார். அந்த நால்வரில் ஒருத்தியின் தலையில் ஒரு பேனும் இல்லை. மற்ற தெருக்களிலிருந்து வந்த பிள்ளைகளின் தலையை ஒருவரும் பார்க்கவுமில்லை. ஆசிரியர் தேடியது பேனை அன்று, தெருவை.

இதைக் கேள்விப்பட்டு நாங்கள் கொதித்தோம். மனு எழுத வேண்டும் என்று பேசினோம். ஆனால் அதே மாலையில், நமது வகுப்பிலும் மற்ற பிள்ளைகளுக்குப் பேன் தொற்றிவிடுமே என்று சில பெற்றோர் கவலைப்பட, “பேன் போகும் வரையில்” என்று சொல்லி, அந்தச் சிறுமிக்கு மூலையில் ஒரு தனிப்பாயை விரித்தோம். அதை விரித்தவர்கள் வேறு எவரும் அல்லர். கல்விக் குழுவினராகிய நாங்களே.

இரண்டு நாட்கள் அவள் அந்தப் பாயில் அமர்ந்து படித்தாள். மூன்றாம் நாள் வரவில்லை. நான்காம் நாள் அவளுடைய ஆயா வந்தார். வாசலிலேயே நின்று கொண்டு, “பள்ளிக்கூடத்துலயும் தனியா ஒக்கார வெக்கிறாங்க, இங்கயும் தனியா ஒக்கார வெக்கிறீங்க. அப்புறம் எதுக்குப்பா இந்தச் சங்கம்?” என்று கேட்டார். நாங்கள் விடை கூறவில்லை. கூறுவதற்கு எங்களிடம் விடை இல்லை.

பின்னரே முழுச் செய்தியும் தெரிந்தது. அவமானம் தாளாத தாய், யாரோ சொன்னதைக் கேட்டு மகளின் தலையில் மண்ணெண்ணெயைத் தேய்த்திருக்கிறார். தோல் வெந்து கொப்புளம் கண்டது. அதைப் பார்த்துச் சினங்கொண்ட தந்தை, மகளின் நீண்ட கூந்தலை மழித்து விட்டார். மொட்டைத் தலையுடன் பள்ளிக்குச் செல்ல மாட்டேன் என்று அவள் வீட்டிற்குள்ளேயே இருந்துவிட்டாள். அரையாண்டுத் தேர்வையும் எழுதவில்லை. எள்ளளவே உள்ள ஒரு பூச்சி, ஒரு பெண் குழந்தையின் படிப்பில் ஏறத்தாழ மூன்று மாதங்களைத் தின்றுவிட்டது. பூச்சி மட்டும் தின்னவில்லை, நாமும் சேர்ந்தே தின்றோம் என்பதுதான் உண்மை.

சதாராவின் கோணித் துண்டு

தனிப்பாய் என்பது நமக்குப் புதிய பொருள் அன்று. அண்ணல் அம்பேத்கர் அவர்கள் தம் வாழ்க்கை அனுபவங்களை எழுதி வைத்து, 1990இல் மக்கள் கல்விக் கழகத்தாரால் நூலாக வெளியிடப்பெற்ற ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்னும் சிறு நூலில், சதாராவில் தாம் பள்ளியில் படித்த நாட்களைக் குறிப்பிடுகின்றார். வகுப்பில் அவர் தனியே ஒரு மூலையில் அமர வேண்டும். அமர்வதற்கு ஒரு கோணித் துண்டு. பள்ளியைத் துப்புரவு செய்யும் பணியாளர் அதைத் தொட மாட்டார். ஆகையால் மாலையில் அதை வீட்டிற்கு எடுத்துச் சென்று, மறுநாள் காலையில் மீண்டும் கொண்டுவர வேண்டும்.

அதே இடத்தில் அவர் மற்றொரு செய்தியையும் கூறுகின்றார். சதாராவில் முடி திருத்துவோர் இருந்தனர். கூலி கொடுக்க அவர்கள் குடும்பத்திற்கு வசதியும் இருந்தது. ஆயினும் தீண்டப்படாதவர் தலையைத் தொட எவரும் இசையவில்லை. எனவே அவருடைய மூத்த சகோதரியே தம்பிமார்களுக்கு முடி வெட்டிவிட்டார். வெட்டி வெட்டிப் பழகி, அத்தொழிலில் தேர்ந்தவராகவே ஆகிவிட்டார்.

அன்பர்களே! ஊரில் ஒருவரும் தொட மறுத்த தலையை ஓர் அக்காளின் கை தொட்டது. பின்னாளில் இந்திய அரசியல் சட்ட வரைவுக் குழுவிற்குத் தலைமை தாங்கிய தலை அது. பிள்ளையின் தலையைத் தொட்டுச் சீராக்குவது நம் குடும்பங்களில் வெறும் அழகு வேலையாக இருந்ததில்லை. பிறர் மறுத்ததை நாமே நம் பிள்ளைக்குச் செய்து கொடுத்த வரலாறு அதற்குள் இருக்கின்றது. தலையைத் தொடுவதற்கு மாறாகத் தனிப்பாயை விரித்தபோது, நாங்கள் அந்த அக்காளின் பக்கத்தை விட்டுக் கோணித் துண்டின் பக்கம் சென்றுவிட்டோம். இத்தவற்றை இம்மலரில் பதிவு செய்ய வேண்டும் என்று குழுவினர் அனைவரும் ஒருமனதாக முடிவு செய்தோம்.

பேனுக்குச் சாதி உண்டா?

அழுக்கிலிருந்து பேன் உண்டாகிறது, ஏழைகளுக்கே பேன் வரும், குறிப்பிட்ட மக்களின் தலையில்தான் அது குடியிருக்கும் என்றெல்லாம் சொல்வார்கள். இவற்றுள் ஒன்றும் உண்மையில்லை.

தலைப்பேன் ஆறு கால்களை உடைய, சிறகில்லாத ஒரு பூச்சி. முழு வளர்ச்சி அடைந்தது ஓர் எள்ளின் அளவே இருக்கும். அதனால் பறக்க இயலாது, தாவவும் இயலாது. முடியைப் பற்றிக் கொண்டு ஊர மட்டுமே தெரியும். ஒரு தலையும் மற்றொரு தலையும் ஒட்டியிருக்கும்போது முடி வழியே ஏறிச் செல்லும். பிள்ளைகள் தலையோடு தலை சேர்த்து விளையாடுகின்றார்கள், ஒரே பாயில் உறங்குகின்றார்கள், ஒரே புத்தகத்தின் மீது இருவராகக் குனிந்து படிக்கின்றார்கள். பேன் பரவுவது பெரும்பாலும் இவ்வாறே. சீப்பு, துண்டு, தலையணை வழியாகப் பரவுவதும் உண்டு என்றாலும் அது குறைவு.

நாள்தோறும் தலை குளித்த கூந்தலிலும் பேன் வாழும். அதற்கு வேண்டியது சிறிது குருதியும் உடற்சூடும் மட்டுமே. அமெரிக்க நாட்டில் 3 வயது முதல் 11 வயது வரை உள்ள பிள்ளைகளிடையே ஆண்டுதோறும் 60 லட்சம் முதல் 1 கோடியே 20 லட்சம் பேருக்குப் பேன் தொற்றுவதாக அந்நாட்டு அரசின் நோய்த் தடுப்பு நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. குழாயைத் திருகினால் வெந்நீர் வரும் வீடுகளின் நிலை இது.

இன்னும் ஒரு சான்று கூறுவோம். இன்றைய இஸ்ரேலில் உள்ள லாக்கீசு என்னும் பழம்பெரும் நகரின் இடிபாடுகளிலிருந்து, யானைத் தந்தத்தால் ஆன சிறிய சீப்பு ஒன்றை அகழ்வாய்வாளர் கண்டெடுத்தனர். அதன் நீளம் 4 செண்டிமீட்டர் கூட இல்லை. ஒரு பக்கம் சிக்கெடுக்க 6 பருத்த பற்கள், மறுபக்கம் பேனும் ஈரும் வார 14 நுண்ணிய பற்கள். அதன்மீது 17 எழுத்துகள் கீறப்பட்டிருந்தன. தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை இத்தந்தம் ஒழிக்கட்டும் என்பது அவ்வெழுத்துகளின் கருத்து. ஏறத்தாழ கி.மு. 1700ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்று கணித்து, 2022இல் இதை வெளியிட்டார்கள். கானானிய எழுத்தில் இதுவரை கிடைத்துள்ள முழு வாக்கியங்களுள் இதுவே மிகப் பழையது என்பது ஆய்வாளர் கருத்து.

யானைத் தந்தம் எளியவர் வீட்டுப் பொருள் அன்று. வேற்று நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட விலை மிகுந்த பொருள் அது. அச்சீப்பு செல்வர் ஒருவருடையதாகவே இருந்திருக்க வேண்டும். அந்தச் செல்வரின் தலையிலும் பேன் இருந்தது, அதை அவர் எழுதியும் வைத்தார், வெட்கப்படவில்லை. நம் வீட்டுச் சிறுமி மட்டும் ஏன் வெட்கப்பட்டு வீட்டிற்குள் ஒளிய வேண்டும்?

தலைப்பேன் நோயைப் பரப்புவதாகவும் அஞ்ச வேண்டா. டைஃபஸ் என்னும் கொடிய காய்ச்சலைப் பரப்புவது உடையில் வாழும் உடற்பேன் என்பதை 1909இல் சார்லஸ் நிக்கோல் கண்டறிந்தார். அதற்காக அவருக்கு 1928ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. தலைப்பேன் அத்தகைய நோயைப் பரப்புவதில்லை. ஆனால் தொல்லை மெய்யானது. அரிப்பினால் பிள்ளைக்கு உறக்கம் கெடும். உறக்கம் கெட்டால் பாடத்தில் மனம் நிற்காது. சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைக்கும், கழுத்தில் நெறி கட்டும். அந்நிலையில் பேன் மருந்து போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று புண்ணுக்கு மருத்துவம் பார்க்க வேண்டும்.

செய்யத் தகாதவை

தாய்மார்களே! இப்பகுதியைச் சற்றே கூர்ந்து கேட்குமாறு வேண்டுகின்றோம்.

மண்ணெண்ணெயையும் பெட்ரோலையும் தலையில் தடவாதீர்கள். அவை தோலைப் புண்ணாக்கும், அவற்றின் ஆவி நுரையீரலைக் கெடுக்கும், அடுப்பருகே சென்றால் பிள்ளை தீப்பற்றும்.

வயலுக்கு அடிக்கும் பூச்சி மருந்து, மாட்டு உண்ணிக்கு வைக்கும் மருந்து, கரப்பான் பூச்சிக்குத் தூவும் பொடி ஆகிய எதுவும் குழந்தையின் தலைக்கு உரியதன்று. தோல் வழியே நஞ்சு உள்ளே செல்லும். முன்னாளில் காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு, அதாவது லிண்டேன் என்ற மருந்தைப் பேனுக்குத் தாராளமாகக் கொடுத்தார்கள். அது நரம்பு மண்டலத்தைத் தாக்கி வலிப்பை உண்டாக்கக் கூடியது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பூச்சிக்கொல்லியாக அதைப் பயன்படுத்துவது நம் நாட்டில் 2013 மார்ச் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய சீட்டையோ பழைய புட்டியையோ நம்பி அதைப் பிள்ளைகளுக்குத் தடவ வேண்டா.

சீத்தாப்பழ விதையை அரைத்துத் தடவும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. பேன் அதனால் சாவது உண்மையே. ஆனால் அந்த விதைத்தூள் ஒரு துளி கண்ணில் பட்டாலும் கருவிழி புண்ணாகிப் பொறுக்கவொண்ணா வலியைத் தரும். இவ்வாறு கண் கெட்டு வந்தவர்களைப் பற்றிக் கண் மருத்துவர்கள் எழுதியுள்ளனர். நெற்றியிலிருந்து கண்ணுக்கு எவ்வளவு தொலைவு என்பதைத் தாய்மார்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். கற்பூரம் கலந்த எண்ணெயையும் சிறு பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். கற்பூரத்தை விழுங்கிய குழந்தைக்கு வலிப்பு வரும்.

இறுதியாக மொட்டை அடித்தல். நேர்ந்து கொண்டு மனமுவந்து முடி இறக்குவது வேறு. அழுகின்ற பிள்ளையைப் பிடித்து வைத்துத் தலையை மழிப்பது வேறு. நம் மக்களை இழிவுபடுத்த ஆதிக்கக்காரர் தலையை மழித்த வரலாறு உண்டு. ஆகையினால்தான் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் தலையைப் பிறர் வலிந்து மழிப்பதைக் குற்றம் என்று வெளிப்படையாகச் சேர்த்துள்ளது. பிறர் செய்தால் குற்றமாகும் ஒன்றை நம் பிள்ளைக்கு நாமே, அதுவும் அவள் அழ அழச் செய்யலாமா? பேன் போக மொட்டை தேவையே இல்லை. சீப்பு போதும்.

செய்யத் தக்கவை

சீப்பு எவ்வாறு போதும் என்பதை அறியப் பேனின் வாழ்நாள் கணக்கை அறிய வேண்டும். பெண் பேன் தலையில் ஏறத்தாழ ஒரு மாதம் உயிர் வாழும். நாளொன்றுக்கு 6 முதல் 10 முட்டைகள் வரை இடும். அம்முட்டையே ஈர். அதை மயிர்க்காலின் அருகே பசை போன்ற ஒன்றினால் முடியோடு ஒட்டி வைக்கும். ஈர் பொரிய 7 முதல் 10 நாட்கள் ஆகும். பொரிந்து வந்த குஞ்சு மேலும் 9 முதல் 12 நாட்களில் முதிர்ந்து தானும் முட்டை இடத் தொடங்கும். தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாட்களில் பட்டினியால் இறந்துவிடும்.

இக்கணக்கிலேயே வழி இருக்கின்றது. இன்று வாரினால் இன்றுள்ள பேன்கள் போகும், ஈர்கள் எஞ்சும். அவை பொரிந்து குஞ்சுகளாகும். அக்குஞ்சுகள் முதிர்ந்து முட்டையிடுவதற்கு முன்பே மீண்டும் வாரி எடுத்துவிட்டால் வம்சம் அற்றுப் போகும். ஆகவே முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதின்மூன்றாம் நாள் என நான்கு முறை வார வேண்டும். பதினேழாம் நாள் தேடிப் பார்த்து, ஒரு பேனும் இல்லையெனில் வேலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் அடுத்தது வியாழன், பின்பு திங்கள், பின்பு வெள்ளி, சோதனை செய்வது செவ்வாய். நாட்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள்.

வாரும் முறை இது. தலையை அலசி, ஈரம் காயாமல் எண்ணெயையாவது வழுக்கும் தன்மையுள்ள வேறு ஒன்றையாவது தாராளமாகத் தடவுக. ஈர முடியில் பேன் விரைந்து ஓட முடியாது. பெரிய பல் சீப்பினால் முதலில் சிக்கெடுக்க வேண்டும். சிக்கெடுக்காமல் பேன் சீப்பைப் போட்டால் பிள்ளை வலியால் அலறும், மறுமுறை தலையைத் தர மாட்டாள். பிறகு முடியைச் சிறு சிறு கற்றைகளாகப் பிரித்து, பேன் சீப்பைத் தோலில் படும்படி வைத்து, வேரிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பாக வார வேண்டும். ஒவ்வொரு முறையும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். காதின் பின்புறமும் பிடரியும் பேனுக்குப் பிடித்த இடங்கள். அங்கே இருமுறை வாருங்கள். நீண்ட கூந்தலுக்கு அரை மணி நேரத்திற்குக் குறையாமல் ஆகும். முடிந்ததும் சீப்பைக் கை பொறுக்காத வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு வைக்க வேண்டும்.

ஈரைக் கண்டதும் பேன் இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டா. தலைமுடி மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டர் வளர்கின்றது. ஆகவே வேரிலிருந்து ஒரு செண்டிமீட்டருக்கும் அப்பால் வெண்மையாகத் தெரியும் ஈர், பொரிந்து போன வெறுங்கூடாகவே இருக்கும். அந்த வெண்மையைக் கண்டு ஒரு பிள்ளையை ஒதுக்கி வைப்பது, காலிப் பானையைப் பார்த்துச் சோறு திருடினான் என்பதைப் போன்றது.

மருந்தும் உண்டு. 1 விழுக்காடு பெர்மெத்ரின் கலந்த மருந்தைக் கழுவித் துவட்டிய தலையில் தடவிப் பத்து நிமிடம் கழித்து அலச வேண்டும். ஈர்கள் எஞ்சுமாதலால் ஒன்பதாம் நாளை ஒட்டி மறுமுறையும் தடவ வேண்டும். பலர் ஒரு முறையோடு நிறுத்திவிட்டு மருந்து பொய் என்கின்றனர். மருந்துக்குப் பணியாத பேன்கள் பல நாடுகளில் பெருகி வருவதும் உண்மையே. அதனால் மருந்து தடவினாலும் வாருவதை விடலாகாது. டைமெத்திகோன் என்னும் வழுக்கும் நெய் போன்ற மருந்து, பேனைச் சூழ்ந்து மூடிக் கொல்வது. கைக்குழந்தைகள், கருவுற்ற தாய்மார் ஆகியோருக்கு எந்த மருந்தாயினும் மருத்துவரைக் கேட்டே பயன்படுத்த வேண்டும். வேப்பெண்ணெய் நம் வழக்கம். அது வாருவதற்குத் துணை செய்யும். ஆனால் அதைத் தடவிவிட்டோம், இனிப் பேன் சாகும் என்று நம்பிச் சீப்பைக் கீழே வைத்துவிடாதீர்கள்.

வீடு முழுவதும் மருந்தடிக்கத் தேவையில்லை. கடந்த இரண்டு நாட்களில் பிள்ளை பயன்படுத்திய துணி, துண்டு, தலையணை உறை ஆகியவற்றை வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வைத்தால் போதும்.

ஒரே நாளில் ஒரு தெரு

ஒரு வீட்டில் வாரி, அடுத்த வீட்டில் வாராமல் விட்டால் பயனில்லை. பிள்ளைகள் சேர்ந்துதான் விளையாடுவார்கள், சேர்ந்துதான் உறங்குவார்கள். சேர்ந்து விளையாடாதே என்று நாம் கூறவும் கூடாது. ஆகவே ஒரு தெருவே ஒரே நாளில் வார வேண்டும்.

ஆயாவின் கேள்விக்குப் பிறகு நாங்கள் செய்தது அதுதான். தனிப்பாயைச் சுருட்டினோம். ஒரு ஞாயிறு மாலை, வகுப்பு நடக்கும் இடத்திலேயே எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக அமர வைத்தோம். முதலில் கல்விக் குழுவின் பெண் உறுப்பினர்கள் தங்கள் தலையைக் காட்டினார்கள். எங்களில் இருவர் தலையிலேயே பேன் இருந்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பாதி வெட்கம் பறந்துவிட்டது. அதன் பிறகே அவர்கள் தலையைத் தந்தார்கள்.

இடையூறுகளையும் மறைக்க மாட்டோம். காலை ஏழு மணிக்கு வேலைக்குச் செல்லும் தாய் இருட்டிய பின்பே வீடு திரும்புகின்றார். விளக்கு வெளிச்சத்தில் பேன் பார்க்க இயலுமா? குழாயில் தண்ணீர் வராத நாளில் தலையை அலச முடியுமா? தண்ணீர் வரும் நாளை அறிந்து நாள் குறித்தோம். முதல் சுற்றில் இரண்டு வீட்டார் வரவில்லை. பேன் மீண்டும் வந்தது. மறுபடி தொடங்கினோம். கோடை விடுமுறையில் உறவினர் வீடு சென்று வந்த பிள்ளைகளோடு அது இன்னொரு முறையும் வந்தது. அப்போது யாரும் யாரையும் ஏசவில்லை. சீப்பை எடுத்தோம், நாட்காட்டியில் வட்டமிட்டோம். பேன் ஒரேயடியாக ஒழிந்தது என்று இம்மேடையில் நாங்கள் பெருமை பேச வரவில்லை. அதன் காரணமாக ஒரு பிள்ளையும் வகுப்பை விட்டு நிற்கவில்லை என்பதை மட்டும் மனநிறைவோடு கூறுகின்றோம்.

இளைஞர்களுக்கு

இளைஞர்களே! உங்களுக்கு மூன்று பணிகளை விட்டுச் செல்கின்றோம்.

முதலாவது, பேன் பார்ப்பது பெண்களின் வேலை என்று விலகி நிற்காதீர்கள். அண்ணலின் தலையை அவருடைய அக்காள் பார்த்துக் கொண்டார். இன்று தங்கையின் தலையை அண்ணன் பார்த்தால் குறைவு ஒன்றும் வந்துவிடாது. தாய் வேலைக்குச் சென்ற வீட்டில், பகல் வெளிச்சத்தில், சீப்பைப் பிடிக்க வேண்டியவர் நீங்களே.

இரண்டாவது, பள்ளிக்குச் செல்லுங்கள். சண்டைக்காக அன்று, சட்டத்தோடும் அறிவியலோடும் செல்லுங்கள். பேன் இருப்பதற்காக ஒரு குழந்தையைப் பள்ளியிலிருந்து வீட்டிற்கு அனுப்பலாகாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் அறிவுரை. பிள்ளை அன்று மாலை வரை வகுப்பில் இருக்கலாம், வீடு திரும்பிய பின் வாரத் தொடங்கலாம். நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் உடலைத் துன்புறுத்துவதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்கின்றது. நலிந்த பிரிவினரின் பிள்ளைகளை வேறுபடுத்தி ஒதுக்கலாகாது என்றும் கூறுகின்றது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் பெற்றோரும் உறுப்பினராக இருக்கின்றனர். அங்கே எழுந்து, “தலையைப் பார்ப்பதானால் எல்லாப் பிள்ளைகளின் தலையையும் பாருங்கள். தனியே அழைத்துப் பாருங்கள். பெற்றோரிடம் மட்டும் சொல்லுங்கள்” என்று கேட்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, விடுதிகளில் தங்கிப் பயிலும் நம் மாணவியரை மறவாதீர்கள். தாயின் கை எட்டாத இடம் அது. ஓர் அறையில் பலர் படுத்துறங்கும் இடத்தில், மாதத்தில் ஒரு நாள் எல்லாரும் ஒருவர் தலையை ஒருவர் பார்த்துக் கொள்வது வழக்கமாக வேண்டும். ஆளுக்கொரு பேன் சீப்பு வாங்கித் தர நம் கழகத்தால் முடியும். ஒரு சீப்பின் விலை ஒரு குறிப்பேட்டின் விலையை விடப் பெரிதன்று.

அந்தச் சிறுமி என்ன ஆனாள் என்று நீங்கள் எண்ணிக் கொண்டிருக்கக் கூடும். முடி வளர்ந்தது, பள்ளிக்குத் திரும்பினாள். நமது மாலை வகுப்பிற்குத் திரும்ப இன்னும் ஓராண்டு ஆயிற்று. வந்த பிறகும் அந்த மூலையில் மட்டும் அவள் உட்காரவே இல்லை. கணக்கில் விட்டுப்போன பாடங்களைப் பிடித்துவிட்டாள். இவ்விழாவிற்கு அவளும் வந்திருக்கின்றாள். எங்கே அமர்ந்திருக்கின்றாள் என்று நாங்கள் காட்ட மாட்டோம். உங்கள் எல்லாருடனும் ஒன்றாகவே அமர்ந்திருக்கின்றாள். அவள் ஆயா இன்று நம்மிடையே இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு அன்று விடை கூற இயலாமல் நின்ற நாங்கள், காலம் கடந்தேனும் இவ்வுரையை விடையாக வைக்கின்றோம்.

பிள்ளைக்குத் தலையில் பேன் வந்தால் தனிப்பாயைத் தேடாதீர்கள். சீப்பைத் தேடுங்கள். அருகில் அழைத்து அமர வைத்துத் தலையைத் தொடுங்கள்.